மரம் வெட்டும் புண்ணியவான்கள்

பறவைகளைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் ஒரு சங்கம், ரம்பமும் கையுமாக மரம் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டில், ஆர்ன் என்கிற சரணாலயத்தில் பார்க்கலாம். நடத்துவது ஆர்.எஸ்.பி.பி.

ஆர்ன் ஒரு 'ஹீத்'. காடும் இல்லை, வயலும் இல்லை. சத்தே இல்லாத மணல் பூமி. முழங்கால் உயரத்துக்கு ஹீதர் புதர், நடுநடுவே மஞ்சளாய்ப் பூக்கும் கார்ஸ் முள். ஆகஸ்டில் போனால் ஊதா ஜமுக்காளம். பிப்ரவரியில் போனால் பழைய சாக்கை விரித்த மாதிரி இருக்கும். இதை இயற்கையின் வரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெண்கலக் காலத்து மனுஷன் காட்டை அழித்து, ஆடு மாடு மேய்த்து உண்டாக்கியது. மேய்ச்சலும் விறகு வெட்டும் நின்றால் பிர்ச், பைன் கன்றுகள் கிளம்பி மறுபடி காடாகிவிடும். தாமஸ் ஹார்டி 1878-ல் நாவலில் எழுதிய எக்டன் ஹீத் இந்த வட்டாரம்தான். 1800-லிருந்து கணக்குப் பார்த்தால் பிரிட்டனின் தாழ்நில ஹீத்தில் 80 சதவிகிதத்துக்கு மேல் காலி. வயலாச்சு, பைன் தோப்பாச்சு, வீட்டு மனையாச்சு.

மிச்சமிருப்பதில் குடித்தனம் பலம். பிரிட்டனின் சொந்த ஊர்வன மொத்தமே ஆறு வகை. ஆறும் ஆர்னில் உண்டு. (பி.காம். படித்தவனுக்கு டேலியானால் ஒரு தனி சந்தோஷம்.) அதில் ஒரு பல்லி இனத்துக்குக் காலே கிடையாது. பாம்பு என்று பயந்து ஓடுகிறார்கள்.

மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து பக்கி வரும். பகலெல்லாம் தரையில் கட்டை மாதிரி கிடக்கும். இருட்டினதும் தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி விடாமல் 'ர்ர்ர்ர்'. ராத்திரியில் ஆட்டு மடியில் பால் குடிக்கிறது என்று அதன் மேல் பழைய பழி. விஞ்ஞானப் பெயரிலேயே அந்தப் பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாவம், அது தின்பது அந்துப்பூச்சி! முட்டையிடுவதும் தரையில்தான். அதனால் அந்த மாதங்களில் பாதையை விட்டு இறங்காதீர்கள், நாயை அவிழ்த்து விடாதீர்கள்.

அக்டோபரில் ஜப்பான் ஜாதி சிகா மான்கள் ஜோடி தேடி விசிலடிக்கும்.

ஆனால் கதாநாயகன் டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர். கட்டைவிரல் பருமனில் ஒரு கதிர்க்குருவி. குளிருக்கு ஊரை விட்டுப் போகாது, பிடிவாதம். 1962-63 கடுங்குளிரில் நாடு முழுக்க ஏறக்குறைய பத்து ஜோடிதான் பிழைத்தது. அதற்கப்புறம்தான், அறுபதுகளின் நடுவில், ஆர்ன் சரணாலயமானது. 2006 கணக்கெடுப்பில் நாட்டில் மூவாயிரம் ஜோடியைத் தாண்டியது. அடுத்து வந்த கடுங்குளிரில் மறுபடி சரிவு.

குளிர் நம் கையில் இல்லை, நெருப்பு இருக்கிறது. 2020 மே மாதம் பக்கத்து வேர்ஹாம் காட்டில் பிடித்த தீ சுமார் 200 ஹெக்டேரைத் தின்றது. அங்கே கிடைத்தவை, சுட்டுத் தின்றுவிட்டுத் தூக்கிப் போடுகிற அலுமினியத் தட்டு அடுப்புகள்.

நான் போன அன்று ஒரு தாத்தா குனிந்து பைன் கன்று பிடுங்கிக்கொண்டிருந்தார். சம்பளமில்லாத வேலை. "மரத்தைக் கொல்வது பாவமில்லையா?" என்றேன்.

"இது காடாகிவிட்டால் அந்தக் குருவி எங்கே போகும் சொல்லுங்கள்?" என்றவர், தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

ஒரு ஜாண் கன்றுதான். வேர் லேசில் விடவில்லை.