முட்டை ஊரில் கிரியேட்டின் பவுடர்: தசையை வளர்ப்பது எது?

சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என எந்த ஊருக்குப் போனாலும் இன்று ஜிம் போர்டு கண்ணில் படுகிறது. அங்கே சேர்ந்த சில நாட்களிலேயே காதில் விழும் கேள்வி, "தம்பி, கிரியேட்டின் எடுக்கறியா?" டப்பாவோடு வீட்டுக்குப் போனால் அம்மாவின் பதில் தயாராக இருக்கும்: "அது ஸ்டீராய்டுடா, கிட்னி போயிடும்!" ஆய்வுகளைப் பார்த்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிகைதான். பவுடர் அவ்வளவு பெரிய மந்திரமும் இல்லை, அவ்வளவு பெரிய விஷமும் இல்லை.

கிரியேட்டின் என்றால் என்ன?

1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் உடம்பே கல்லீரல், சிறுநீரகங்களின் உதவியோடு தினமும் சுமார் 1 கிராம் தயாரித்துக்கொள்கிறது. மீதி கறி, மீனிலிருந்து கிடைக்கிறது. 95 சதவீதம் தசையில்தான் இருக்கும். கனமான எடையைத் தூக்கும் முதல் சில நொடிகளில் செலவாகும் ஆற்றலை உடனே நிரப்புவது இதன் வேலை. ஸ்டீராய்டு என்பது ஹார்மோன் சம்பந்தப்பட்டது. அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலிலும் கிரியேட்டின் இல்லை.

நாமக்கல் வாசகருக்கு ஒரு செய்தி: முட்டையில் கிரியேட்டின் பெயருக்குத்தான் இருக்கிறது. ஒரு கிலோ கோழிக்கறியிலேயே 3 முதல் 4 கிராம்தான். அதனால்தான் சைவ உணவுக்காரர்களின் தசையில் இதன் இருப்பு குறைவு. அவர்களுக்குப் பவுடரின் பலன் சற்றுக் கூடுதலாகத் தெரிவதாக 2003-ல் வெளியான கனடா ஆய்வு காட்டியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2003-ல் ராசன், வோலெக் என்ற இருவர் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள. எடைப் பயிற்சியோடு கிரியேட்டின் எடுத்தவர்களுக்குத் தசை வலிமை சராசரியாக 20 சதவீதம் கூடியது. பயிற்சியோடு வெறும் போலி மாத்திரை, பவுடர் எடுத்தவர்களுக்கு 12 சதவீதம். இந்தக் கணக்கை நிதானமாகப் படியுங்கள். 20-ல் 12 பங்கு பயிற்சி தந்தது. பவுடர் தந்தது மிச்சம் 8. டப்பா விளம்பரம் இந்த 12-ஐப் பற்றி வாயே திறக்காது.

2025-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. 54 பேர் 12 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவினர் தினமும் 5 கிராம் கிரியேட்டின் எடுத்தார்கள். பயிற்சி தொடங்கும் முன், முதல் வாரத்திலேயே அவர்களின் கொழுப்பில்லா உடல் எடை மற்றவர்களைவிட அரைக் கிலோ கூடியது. அதில் நீரின் பங்கும் இருந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதன் பிறகு 12 வாரப் பயிற்சியில் இரு பிரிவினரும் ஏறக்குறைய 2 கிலோ ஏறினார்கள், வித்தியாசம் இல்லை. "ஒரே வாரத்துல ஒடம்பு ஏறிடுச்சு" என்று கண்ணாடி முன் நிற்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

கிட்னி, முடி பயம்?

ஆரோக்கியமானவர்கள் வழக்கமான 3 முதல் 5 கிராம் அளவில் எடுக்கும்போது சிறுநீரகம் கெடுவதற்கு ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கிரியேட்டின் சிதைந்தால் கிரியேட்டினின் ஆகும். ரத்தப் பரிசோதனையில் அது கூடுதலாகத் தெரிந்தால் சிறுநீரகம் பாதித்தது போலவே தோன்றும். எனவே பரிசோதனைக்குப் போகும்போது பவுடர் எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு, நீண்டநாள் சர்க்கரை நோய் அல்லது ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. முடி கொட்டும் என்ற பேச்சு, 2009-ல் தென் ஆப்பிரிக்க ரக்பி வீரர்கள் 20 பேரிடம் நடந்த சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் ஒரு ஹார்மோன் அளவு மாறியதே தவிர, யாருடைய முடியையும் எண்ணிப் பார்க்கவில்லை.

உண்மையான கவலை டப்பாவுக்குள்

2024-ல் கேரள மருத்துவர் சிரியாக் அப்பி ஃபிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதச் சத்துப் பவுடர்களைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில், லேபிளில் எழுதிய புரத அளவு உண்மையில் இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. அது கிரியேட்டின் ஆய்வு அல்ல. ஆனால் இரண்டும் ஒரே அலமாரியில் விற்பவை. அதே ஆண்டு வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டியும், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கச் சொன்னது. போட்டிக்குப் போகும் வீரர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. கலப்படத்தில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது.

யாருக்குத்தான் தேவை?

என் பார்வையில், இந்த விவாதத்தில் நாம் மறந்துவிட்டது இருபது வயதுத் தம்பிகளை அல்ல, அறுபது வயது அப்பா அம்மாவை. வயதாக ஆகத் தசை கரைகிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிவதில்லை. 2017-ல் சிலிபெக் குழுவினர் 22 ஆய்வுகளில் 721 முதியவர்களின் முடிவுகளைத் தொகுத்தார்கள். எடைப் பயிற்சியோடு கிரியேட்டினும் எடுத்தவர்களுக்குக் கொழுப்பில்லா எடை 1.37 கிலோ கூடுதலாக ஏறியது. ஆனால் அதே சிலிபெக், மாதவிடாய் நின்ற 237 பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், எலும்பின் அடர்த்தி பவுடரால் கூடவில்லை. ஆக இங்கேயும் அது துணைதான். பயிற்சிதான் கதாநாயகன்.

வாரத்தில் குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியவர்களுக்குச் சமநிலை, வலுவூட்டும் பயிற்சிகள் 3 நாளாவது வேண்டும் என்கிறது. அதற்கு ஏசி ஜிம் வேண்டாம். கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி நம் ஊருக்குப் புதிதல்ல. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை எல்லா முதியவருக்கும் சொல்லிக்கொடுப்பதை அரசு அதில் சேர்க்கலாம்.

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். மூன்று மாதம் ஒழுங்காக எடை தூக்குங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள், முட்டை, பருப்பு, மீன் சாப்பிடுங்கள். முட்டையில் கிரியேட்டின் இல்லாவிட்டால் என்ன, ஒவ்வொன்றிலும் 6 கிராம் தரமான புரதம் இருக்கிறது. அதற்குப் பிறகும் கையில் காசு மிச்சமிருந்தால், பரிசோதனைச் சான்றுள்ள கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டைத் தினமும் 3 முதல் 5 கிராம் எடுத்துப் பார்க்கலாம். வீட்டுச் செலவைக் குறைத்து, கடன் வாங்கி டப்பா வாங்கும் அளவுக்கு அந்த 8 சதவீதம் தகுதியானது அல்ல.