கேமராக்கள் கரிசலையும் பார்க்கட்டும்

விடுமுறை நாள்களில் விடியும் முன்பே அருப்புக்கோட்டையிலிருந்து மேற்கே கிளம்பும் இருசக்கர வாகனங்களில் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராக்களைக் காண்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்கும் ராஜபாளையம் அய்யனார் அருவிக்கும் செல்கிறார்கள். சாம்பல் நிற அணிலோ இருவாச்சியோ கண்ணில் பட்டால் அவர்களுக்கு அந்த வாரம் நிறைவடைந்துவிடுகிறது. வரவேற்கத்தக்க ஆர்வம் இது. ஆனால், இதே கேமராக்கள் தாங்கள் புறப்பட்ட மண்ணை ஏன் பார்ப்பதில்லை என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட இயலாது.

இயற்கை ஒளிப்படக்கலையை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா.கிருஷ்ணன், எந்த ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பிலும் இல்லாமல், தம் கறுப்பு வெள்ளைப் படங்களால் இந்தியக் காட்டுயிர்களைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர். இன்று அந்தப் பணி ஆயிரக்கணக்கானோரிடம் பரவியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் அளித்த மூன்று கோடி பதிவுகளின்மேல் எழுப்பப்பட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்துவருகின்றன என்று அது கூறுகிறது. புல்வெளி, புதர்க்காடு போன்ற திறந்தவெளிகளை நம்பி வாழும் பறவைகளே கடுமையாகக் குறைந்துள்ளன என்பதும் அதன் முக்கியக் கண்டுபிடிப்பு.

திறந்தவெளி என்பது நம் ஊர்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கரிசல் காடுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் வானம்பாடியும் கௌதாரியும் காடையும் வாழ்கின்றன. குளிர்காலத்தில் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து தென்னிந்தியத் திறந்தவெளிகளுக்குப் பூனைப்பருந்துகள் வருகின்றன. வடகிழக்குப் பருவமழை பொய்க்காத ஆண்டில் கண்மாய்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் இறங்குகின்றன. ஆனால், மலையில் எடுக்கப்படும் படங்களோடு ஒப்பிட்டால் இவற்றுக்கான பதிவுகள் மிகச் சொற்பம். பொருளியல் மொழியில் சொன்னால், உழைப்பு பாராட்டு கிடைக்கும் இடத்தை நோக்கிப் பாய்கிறது. யானைக்கும் இருவாச்சிக்கும் கிடைக்கும் பாராட்டு, மண் நிறத்தில் ஒளிந்து நிற்கும் வானம்பாடிக்குக் கிடைப்பதில்லை.

பதிவு இல்லாததன் விலை என்ன? மலைக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் சரணாலயம் அமைந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கரிசல் நிலத்துக்கோ அரசின் ஏடுகளில் வேறு பெயர்: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. இவை நிலவரியைக் கணக்கிட உருவான சொற்கள். அந்த நிலத்தில் என்ன வாழ்கிறது என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஆயினும், ஒரு நிலத்தைப் பெருந்திட்டத்துக்கு ஒதுக்கும்போது 'வெறும் தரிசுதானே' என்ற வாதத்துக்கு இந்தச் சொற்களே அடித்தளமாகின்றன.

திருச்சுழியை அடுத்த கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் அமைந்தது. சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், சூரிய ஒளி மின்திட்டங்கள் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரம்புக்குள் வருவதில்லை. அதனால் அந்த அறிவிக்கை கோரும் மதிப்பீட்டு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் இத்தகைய திட்டங்களுக்குக் கட்டாயமில்லை. அந்த நிலத்தில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று அரசு கணக்கெடுக்க வேண்டிய தேவை எழாதபோது, ஓர் ஆர்வலர் என்றோ எடுத்து, தேதியும் இடமும் குறித்துவைத்த படமே ஒரே சான்றாக எஞ்சக்கூடும். சந்தை விலை இல்லாத ஒன்றின் இழப்பு எந்தத் திட்டச் செலவிலும் சேர்வதில்லை. அந்த இழப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதே இத்தகைய பதிவுகளின் பொருளாதாரப் பயன்.

அண்டை மாவட்டமான மதுரையின் அரிட்டாபட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறு குன்றுகள் சூழ்ந்த அந்தக் கிராமப் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 பறவை இனங்கள், அரிய வல்லூறுகள், கழுகுகள் என்ற விவரங்கள் அந்த அறிவிப்புக்கு வலுவூட்டின. ஈராண்டுக்குப் பின், அப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் மக்கள் எதிர்த்தனர். 2024 டிசம்பரில் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வென்றது மக்களின் போராட்டம்தான். ஆனால், 'இங்கே என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது அவர்கள் கையை வலுப்படுத்தியது. திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்கு நாளை அப்படியொரு நிலை வந்தால் நாம் எதைக் காட்டுவோம்?

கேமராவால் கேடும் உண்டு. கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை குஞ்சுகளைக் கைவிடலாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது அதன் ஆற்றலை வீணடிக்கும். கூடு இருக்கும் இடத்தை ஊரறியச் சொன்னால் வேட்டைக்காரருக்கும் அது வழிகாட்டி. தரையில் முட்டையிடும் கரிசல் பறவைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். இடத்தை மறைத்துப் பதிவுசெய்யும் வசதி இணையத் தரவுத்தளங்களில் இருக்கிறது; அதைப் பயன்படுத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஆர்வலர்களின் படங்களும் குறிப்புகளும் சரிபார்க்கப்பட்டு இடம்பெறட்டும். இப்பகுதிக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் அருகிலுள்ள ஒரு கண்மாயைத் தேர்ந்து, ஆண்டு முழுவதும் மாணவர்களைக் கொண்டு பதிவு செய்யலாம். பெரும்பரப்புத் தரிசை ஒதுக்கும் முன் மாவட்ட நிர்வாகம் அந்தப் பதிவேட்டைப் பார்ப்பதைக் கட்டாயமாக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை.

மலைக்குச் செல்லும் நண்பர்களைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு காலைப்பொழுதையேனும் உள்ளூர்க் கண்மாய்க்கும் கரிசல் காட்டுக்கும் ஒதுக்குங்கள். அங்கே எடுக்கும் படத்துக்குப் பரிசு கிடைக்காமல் போகலாம். அந்த நிலத்தைத் தரிசு என்று மட்டும் எழுதிவிட முடியாமல் செய்ய அது உதவும்.