மைதானத்திலும் மேஸ்திரி ராஜ்யமா?

விளையாட்டு குணத்தை வளர்க்கும் என்று ஒரு பிரசங்கம் ஊர் ஊராக நடக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் மாலையும் கழுத்துமாக மேடையேறும் பெரிய மனிதர் இதைத்தான் சொல்கிறார். கோப்பை வழங்க வரும் மில் முதலாளியும் இதைத்தான் சொல்கிறார். மாதா மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் கறக்கும் கிரிக்கெட் அகாடமியின் விளம்பரப் பலகையிலும் இதே வாசகம்தான். கட்டுப்பாடு, விடாமுயற்சி, தோல்வியைத் தாங்கும் நெஞ்சுரம் எல்லாம் மைதானத்தில் கிடைக்குமாம்.

நல்லது. நாமும் மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: எந்த மைதானத்தில்? யார் கையில் விசில் இருக்கும்போது?

மேடையை விட்டு இறங்கிப் பந்தயம் நடக்கும் இடத்துக்கு வாருங்கள், தோழர்களே! பதிமூன்று வயதுப் பையன் கபடி பாடிப் போகிறான்; பிடிபடுகிறான். கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் அவன் தாயையும் சாதியையும் சேர்த்து இழுத்து ஏசுகிறார். இடைவேளையில் கன்னத்தில் ஓர் அறை. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "அடியாத மாடு படியாது" என்று ஒருவர் தத்துவம் பேசுகிறார். பையன் வாய் திறக்கவில்லை, தலை குனிந்து நிற்கிறான். இதற்குப் பெயர் கட்டுப்பாடாம்!

மில் தொழிலாளிக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மேஸ்திரி ராஜ்யம் நடந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேலைக்குச் சேர மாமூல். லீவு கேட்டால் மாமூல். நூல் அறுந்தால் வசவு. எதிர்த்துப் பேசினால் சீட்டுக் கிழிந்தது. 1929-ல் வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த விட்லி கமிஷனே ஜாபர்களின் லஞ்சத்தைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. 1918-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே, அது கூலிக்காக மட்டுமா? சாப்பாட்டுக்கு விட்ட சொற்ப நேரமும், மேலதிகாரிகளின் ஏச்சும் கைநீட்டலும் சேர்ந்துதான் தொழிலாளியைச் சங்கத்துக்குத் தள்ளின. மனிதனை மனிதனாக நடத்து என்பது அன்றே எழுந்த கோரிக்கை. பண்ணையாரின் சாட்டைக்கு எதிராக எழுந்த தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கும் இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மில்லிலிருந்தும் வயலிலிருந்தும் எவனை எதிர்த்து நின்றோமோ, அவனையே நம் பிள்ளையின் விளையாட்டுத் திடலில் "சார்" என்று கும்பிட்டு வரவேற்பதா?

அந்தத் திடலிலும் குணம் வளரத்தான் செய்கிறது. என்ன குணம்? மேலே இருப்பவன் அடித்தால் வாங்கிக்கொள். கீழே ஒருவன் அகப்பட்டால் நீ அடி. இந்தக் குணத்தோடு இருபது வயதில் மில் வாசலுக்கு வந்து நிற்பவனை எந்த முதலாளி வேண்டாம் என்பான்?

இந்தக் குணப் பிரசங்கத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். இங்கிலாந்தில் பிரபு வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பிறந்தது இது. நேர்மையாக ஆடுவது கனவான்களின் பிறவிக் குணம் என்று அங்கே பறைசாற்றினார்கள். அந்த நேர்மையின் லட்சணம் என்ன? 1866-ல் லண்டனில் ஏற்பட்ட அமெச்சூர் தடகளக் கழகம் ஒரு விதி எழுதியது: மெக்கானிக், கைத்தொழிலாளி, கூலித் தொழிலாளி எவரும் அமெச்சூர் ஆகமாட்டார்! தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி படகுப் பந்தயத்திலும் 1879-ல் இதே விதி வந்தது. 1937 வரை அதை விடாமல் கட்டிக் காத்தார்கள். பிலடெல்பியாவிலிருந்து ஜான் கெல்லி என்ற படகோட்டி 1920-ல் அங்கே போட்டியிட மனுச் செய்தார். கையால் செங்கல் அடுக்கிக் கொத்து வேலை செய்தவர் அவர். மனு தள்ளப்பட்டது. அவருடைய கிளப்பின்மேல் கனவான்களுக்கு ஏற்கெனவே ஒரு பகை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கொத்து வேலைக்காரருக்கு எதிரான விதி ஏட்டில் இருந்தது இருந்ததுதான். அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் என்ன நடந்தது? ஹென்லியில் அந்த வருஷம் வென்ற ஆங்கிலேயர் பெரெஸ்போர்டைப் பின்னே தள்ளித் தங்கத்தை வாங்கினார் கெல்லி.

உடல் உழைப்பால் பிழைப்பவனுக்குப் பந்தயத்தில் இடமில்லை என்று எழுதிய கைகள்தான் குணநலனைப் பற்றியும் உபதேசம் எழுதின.

சரி, பிரம்பும் வசவும் இல்லாவிட்டால் பையன் உருப்படுவானா என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஸ்மித், பிராங்க் ஸ்மோல் என்ற இரு பேராசிரியர்கள் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை 1970-களிலிருந்தே கூர்ந்து கவனித்தார்கள். (அமெரிக்கா என்றதும் சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். பையன் பையன்தான், சியாட்டிலிலும் சிங்காநல்லூரிலும்.) ஒரு பகுதிப் பயிற்சியாளர்களுக்கு அவர்கள் சில எளிய வழிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். நன்றாகச் செய்தால் உடனே சொல். ஜெயித்ததை மட்டும் பார்க்காதே, முயற்சியையும் பாராட்டு. தவறு செய்தால் முதலில் தைரியம் சொல். பிறகு எப்படித் திருத்துவது என்று காட்டு. தண்டிக்காதே, கேலி பேசாதே. அவ்வளவுதான்.

பலன் 1992-ல் அச்சில் வந்தது. பழைய முறையில் ஆடிய பையன்களில் நூற்றுக்கு 26 பேர் அடுத்த வருஷம் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். புதிய வழியில் பயின்ற பயிற்சியாளர்களிடம் ஆடியவர்களில் விட்டவர்கள் நூற்றுக்கு 5 பேர்! இத்தனைக்கும் வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக் குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது ஏச்சும் பேச்சும் ஒரு கோப்பையைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவரவில்லை. பையன்களை விரட்டியதுதான் மிச்சம்.

அடியின் கடைசி எல்லை எது என்பதை ஜப்பான் கண்டது. 2012 டிசம்பரில் ஒஸாகா நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில், கூடைப்பந்துக் குழுவின் தலைவனான 17 வயது மாணவன் பயிற்சியாளரிடம் வாங்கிய அடிகளுக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டான். பயிற்சியாளரைக் கோர்ட் குற்றவாளி என்றது. அடித்துப் பழக்குவதைப் பெருமையாகப் பேசிய நாட்டில், விளையாட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடி 2013-ல் வன்முறையை ஒழிப்போம் என்று பிரகடனம் செய்தன. நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைமேல் கை வைப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது. அந்தப் பிரிவு வகுப்பறைச் சுவரோடு நின்றுவிட வேண்டுமா?

"சோஷலிச நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? கிழக்கு ஜெர்மனியில் நடந்தது தெரியாதா?" என்று எதிர்த்தரப்பார் மடக்குவார்கள். தெரியும். பதக்க வெறியில் சிறுமிகளுக்குக்கூட, வைட்டமின் என்று சொல்லி ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். அதற்காக அங்கே விளையாட்டுத் துறையை நடத்திய மான்பிரெட் எவால்டை 2000-ல் பெர்லின் கோர்ட் தண்டித்தது. அதற்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும், குழந்தையின் உடம்பைப் பதக்கம் அடிக்கும் யந்திரமாக்குவது அக்கிரமமே.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2022 செப்டம்பரில் உத்தரப் பிரதேசம் சகாரன்பூரில் மாநிலக் கபடிப் போட்டிக்கு வந்த சிறுமிகளுக்குச் சோறு எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? கழிப்பறையில்! அதை எடுத்துத்தான் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். யாரோ படம் எடுத்ததால் வெளியே வந்தது. அதிகாரி சஸ்பெண்டு ஆனார். அந்தச் சிறுமிகளுக்கு அன்று எந்தக் குணநலப் பாடம் நடந்தது? மேடைக் கனவான்கள் சொல்லட்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தியை மறக்க முடியுமா? செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் போதை மருந்து தின்றவரல்ல, குறுக்கே ஓடியவருமல்ல. பிறந்த உடம்போடு ஓடினார். அவருடைய அந்தரங்கம் பத்திரிகைக்கும் டெலிவிஷனுக்கும் தீனியாயிற்று. நேர்மையான ஆட்டம் பேசும் பெருந்தலைகளில் எத்தனை பேர் அவர் பக்கம் நின்றார்கள்? சில வருஷங்களில் அவர் மறுபடியும் சூளைக்கே கூலி வேலைக்குப் போகும்படி ஆயிற்று. அப்படிப்பட்டவர் கசந்துபோய் ஒதுங்கிவிடவில்லை. பயிற்சியாளர் படிப்பைப் படித்துத் தேறி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக நின்று, ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். குணம் என்றால் இதைச் சொல்லுங்கள். இதைக் கொடுத்தது எந்த அகாடமி?

பழியை எல்லாம் பயிற்சியாளர் தலையில் கட்டுவது நம் நோக்கமல்ல. அவரும் கூலிக்காரர்தான். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக 16,000-க்கும் மேற்பட்டவர்களை எடுத்தார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய்! குடும்பம் நடத்த முடியுமா? நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் தெருவில் நின்று போராடியிருக்கிறார்கள். பந்து வாங்கப் பணமில்லை. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்கிறார். ஆனால் மாவட்டப் போட்டியில் கோப்பை வரவில்லை என்றால் கேள்வி மட்டும் வரும். மேலே வாங்கிய ஏச்சை அவர் கீழே பையன்மேல் இறக்குகிறார். அவருடைய சம்பளப் போராட்டத்தில் நாம் தோளோடு தோள் நிற்போம். அதனால் பையனை அறைய அவருக்கு உரிமை வந்துவிடாது. இரண்டையும் ஒரே மூச்சில் அவரிடமே சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் பேரிலும் இரண்டு வார்த்தை. பொங்கல் விளையாட்டு விழாவில் சொந்தப் பிள்ளை தோற்றால் நடுவரை அடிக்கப் பாய்கிற அப்பன்மார் நம் தெருவிலும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைத்துப் பெரிய பையனைச் சின்னப் பையன்களோடு இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெண் பிள்ளை டிராயர் போட்டு ஓடுவதா என்று தடுப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். இவர்களுக்கு வாலிபர் சங்கத் தோழர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பொறுமையாக, ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கே கேட்பது என்று சிலர் கைபிசைகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதே சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். நூற்பாலைக்குப் போகும் தாயும், நாற்று நடப் போகும் தாயும் அதில் உட்கார உரிமை உண்டு. முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்: விளையாட்டுப் பீரியடு வாரத்தில் எத்தனை நடந்தது? பயிற்சியாளர் கை நீட்டினால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும்? வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பெண் பிள்ளைகளோடு துணைக்குப் போகும் பெண் யார்? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் என்ன ஏற்பாடு? பதிலை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். பதில் வராவிட்டால் மே 1-ந் தேதி கிராம சபை இருக்கிறது. மைதானத்தை ஆக்கிரமித்திருப்பவர் பெயரோடு தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.