அம்மாவின் மாத்திரைச் சீட்டும் நண்பர்கள் குழுவும்

நாற்பத்தைந்தைக் கடந்த பள்ளித் தோழர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் பெரும்பாலும் சில வருடங்களில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. தொடக்கத்தில் பழைய வகுப்புப் படங்களும் வாத்தியார்களின் பட்டப்பெயர்களும் ஓடும். பிறகு ஒருவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வரும். இன்னொருவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கும். எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா என்று இரவு பதினொரு மணிக்குக் கேள்விகள் வரும். நடுவே தோழி ஒருத்தி அஞ்சல் வழியில் உளவியல் படிக்கச் சேர்ந்திருப்பாள். நண்பர் ஒருவர் மகனின் பாடப்புத்தகத்தை வைத்துப் புள்ளியியல் கற்றுக்கொண்டிருப்பார். வீட்டிலிருப்பவர்களுக்கு இது வெட்டிப்பேச்சு; மருத்துவர்கள் பலருக்கு இது வதந்திக் கிடங்கு. வயதான பெற்றோரைக் கவனிப்பது எப்படி என்று எந்தப் பள்ளியும் இந்தத் தலைமுறைக்குச் சொல்லித்தரவில்லை. அந்தப் பாடம் இன்று நடக்கிற இடம் இந்தப் பேச்சுதான். அதை ஒதுக்காமல், முறையாகக் கற்கும் இடமாக வளர்த்தெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கற்சிற்பிகள் வாழும் மயிலாடி போன்ற ஊரில் இதன் தேவை இன்னும் கூடுதல். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் கன்னியாகுமரி. அந்தப் படிப்பு பிள்ளைகளை வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்பிவைத்தது. பெற்றோர் பலர் ஊரிலேயே இருக்கிறார்கள். மாநிலத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 சதவீதம் என்றும் 2031இல் அது 18.2 ஆகும் என்றும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்தியாவின் மூத்தோரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஏதேனும் ஒரு நாட்பட்ட நோயோடு வாழ்கிறார்கள் என்பது 2021இல் வெளியான தேசிய முதுமை ஆய்வின் முடிவு. ஆக, இந்த மாவட்டத்து வீடுகளில் அப்பாவின் சர்க்கரை அளவு ஒரு நாட்டிலும் அதைப் பற்றிய கவலை வேறொரு நாட்டிலும் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது தொலைபேசி. அதில் நடக்கும் பேச்சின் தரம் சிலருக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மயிலாடியின் கல் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மயிலாடி கற்சிற்பத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் மகிழ்ந்தது, மகிழத்தான் வேண்டும். ஆனால் கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. உளியால் கொத்தும்போது எழும் தூசியைவிட மின்சார அறுவை இயந்திரம் கிளப்பும் தூசி நுண்ணியது, அளவிலும் அதிகம். அந்தத் தூசி பல ஆண்டுகள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரலாம்; வந்தபின் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப மருந்தில்லை. மார்புப் படத்தில் அது காசநோயைப் போலவே தோன்றக்கூடும். சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் தொற்றவும் செய்யும். எனவே இருமலோடு மருத்துவரிடம் போகும் எழுபது வயது சிற்பி, தான் என்ன தொழில் செய்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அதைக் கேட்க மருத்துவருக்கு நேரம் இருக்காது. சொல்ல வேண்டும் என்பது சிற்பிக்குத் தெரியாது. ‘அப்பா பட்டறையில் நாற்பது வருஷம் இருந்தவர் என்று டாக்டரிடம் சொன்னாயா?’ என்று கேட்கக்கூடியவர், அதே அனுபவத்தை ஏற்கெனவே கடந்த இன்னொரு சிற்பியின் மகனோ மகளோதான். இதைப் போன்ற அறிவு ஏராளம். இரண்டு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளில் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருக்கலாம். வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால், சர்க்கரை ஏறியிருப்பதைப் போலவே இறங்கியும் இருக்கலாம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி நாள்கணக்கில் விழுங்கும் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். காது மந்தமான அம்மாவுக்குக் கருவி வாங்குவதை வீண்செலவு என்று தள்ளிப்போடுகிறோம். மறதிநோய்க்கான 14 தவிர்க்கத்தக்க காரணிகளில் கேட்புக் குறையும் தனிமையும் இருப்பதாக லான்செட் குழு 2024இல் பட்டியலிட்டது. எல்லாம் மருத்துவ நூல்களில் உள்ளவைதாம். வீட்டுக்குள் அவை வந்து சேரும் வழிதான் நம்மிடம் இல்லை.

இந்த இடத்தில் எழும் முதல் மறுப்பு நியாயமானது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய பொய்களால் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. அதே ஆண்டு ஜூலையில் திருப்பூரில் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு தாய் இறந்தார். இவற்றைப் பார்த்தபின் எந்த மருத்துவர் பயப்படாமல் இருப்பார்? ஆனால் இந்தத் துயரங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். கேள்வி கேட்க முடியாத குரலை நம்பியதே அவற்றின் வேர். கைமாறி முன்னனுப்பப்படும் செய்திக்கு ஆசிரியர் இல்லை. ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று அதனிடம் கேட்க முடியாது. முப்பது வருடம் பழகிய தோழனிடம் கேட்கலாம். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்ததும் முன்னனுப்புதலைக் கருதித்தான்.

அதற்காக, நண்பர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அந்நியரின் பொய்யைவிட நண்பரின் உண்மை சில நேரம் கூடுதல் ஆபத்து. ‘எங்க அப்பாவுக்கு இந்த மாத்திரை நல்லா கேட்டது’ என்பது பொய்யில்லை; ஆனால் அவருடைய அப்பாவின் சிறுநீரகமும் உங்கள் அப்பாவின் சிறுநீரகமும் ஒன்றில்லை. ஆகவே எல்லை தெளிவாக இருக்க வேண்டும்: நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் மருத்துவரே சொல்லட்டும். மருத்துவரிடம் என்ன கேட்பது, எந்தத் தாளை எடுத்துப்போவது, கட்டிலிலிருந்து எப்படித் தூக்குவது, படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எந்தக் காப்பீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது, இவையெல்லாம் நண்பர்கள் சொல்லட்டும். இந்த எல்லையைக் காக்கத் தடைவிதி போதாது, அறிவு வேண்டும். உடல் எப்படி இயங்குகிறது என்று ஓரளவு படித்தவர்தான் தனக்கு என்ன தெரியாது என்பதையும் உணர்வார். அதனால்தான் உடல்நலப் பேச்சையும் புதிதாகக் கற்கும் ஆர்வத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்கிறேன். நாற்பது பேர் கொண்ட குழுவில் நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒரு பொருளை, இரத்த அழுத்தம் என்றால் அதை மட்டும், அரசின் கையேட்டிலிருந்தோ ஒரு நல்ல பாடநூலிலிருந்தோ படித்து மற்றவர்களுக்குச் சொன்னால், ஒரு வருடத்தில் அந்தக் குழுவில் வதந்தி எடுபடாது. ஸ்வயம், என்பிடெல் ஆகிய இணையக் கல்வித் தளங்களில் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தனியாகச் சேர்ந்தவர் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடலாம். ‘எந்தப் பாடத்தில் நிற்கிறாய்?’ என்று கேட்க ஆள் இருந்தால் மூன்றாம் வாரமும் உட்காருவார்.

சாதாரண மக்கள் சேர்ந்து கற்றுப் பராமரிப்பை மாற்றியதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி, நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பணி, பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரின் வலையமைப்பாக விரிந்தது. ஆசிரியர்களும் கடைக்காரர்களும் இல்லத்தரசிகளும் குறுகிய பயிற்சி பெற்று, மருத்துவர், செவிலியர் மேற்பார்வையில் நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். 2008இல் கேரள அரசு அதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மண் நம்முடையது. அந்தப் பக்கத்தில் முடிந்தது இந்தப் பக்கத்தில் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மயிலாடிக்குச் சொந்த வரலாறும் உண்டு. ஊர்க்காரரான மகராசன் வேதமாணிக்கத்தின் முயற்சியால் 1806இல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1809இல் இங்கே தொடங்கிய பள்ளி, தென் திருவிதாங்கூரில் எழுத்து மறுக்கப்பட்டவர்களுக்குத் திறந்த தொடக்ககால வாசல்களில் ஒன்று. பட்டறையில் சிற்பம் கற்பதும் இன்றுவரை இன்னொருவர் அருகில் உட்கார்ந்துதான்.

இன்னொரு மறுப்பு: அரட்டை நேரில் போவதற்கு மாற்றாகிவிடும், ‘அம்மா நலமா’ என்று குழுவில் எழுதிவிட்டு ஊருக்கு வராமலே இருந்துவிடுவார்கள். இதில் உண்மை உண்டு. 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 148 ஆய்வுகளில் பங்கேற்ற 3 லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளைத் தொகுத்து, உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்றது. அது பேசிய உறவு திரையில் நடப்பது மட்டுமில்லை. ஆனால் வர முடியாதவர், வர மனமில்லாதவர் இருவரும் ஒன்றில்லை. துபாயில் இரவுப் பணியில் இருக்கும் மகன் ஊரிலிருக்கும் தோழனைக் கொண்டு அப்பாவை ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்கு அனுப்ப முடிவது, குழுவில் பழக்கம் அறுந்துபோகாமல் இருப்பதால்தான்.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. இந்தக் குழுக்களில் பேசுவது பெரும்பாலும் மகன்கள். மலச்சட்டி எடுப்பதும் மாத்திரை கொடுப்பதும் பெரும்பாலும் மனைவியும் மகளும் மருமகளும். யார் கற்க வேண்டுமோ அவர்கள் பேச்சில் இல்லை. பெற்றோரும் இல்லை: அவர்களுடைய ஸ்கேன் அறிக்கை அவர்களைக் கேட்காமலே நாற்பது பேரின் கைபேசிக்குப் போகிறது. தன் மானத்தை வாழ்நாள் முழுதும் காத்த ஒரு பெரியவரின் சிறுநீர்ப் பிரச்சினை பொதுச்செய்தியாவது அநியாயம். பெயரில்லாமல் கேட்கலாம், அறிக்கையைப் போடாமல் கேட்கலாம், எல்லாவற்றுக்கும் முன் அவரிடமே கேட்கலாம்.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை, நோய்த்தணிப்புச் சிகிச்சைகளும் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வருகிற வீட்டுக்கு அதைப் பற்றிய பாடமும் வர வேண்டும். ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ மாதம் ஒரு மாலை, வட்டார மருத்துவரோ செவிலியரோ வந்து, பராமரிப்பவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கைபேசியில் சேர்ந்துகொள்ளட்டும். மயிலாடியில் முதல் கூட்டம் கல்தூசியைப் பற்றி நடக்கட்டும். அதற்குச் சிற்பிகளோடு அவர்கள் வீட்டு மருமகள்களையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.