காகிதம் வெட்டுமுன் கட்டம் வரைக

அறுந்த இழையை எடுத்து முடிந்துகொள்ளும் நெசவாளரும், களத்தில் சிந்திய மணியைக் கூட்டி அள்ளும் உழவரும் அங்கத்தினராயுள்ள சங்கங்கள், அச்சு வேலைக்கு வாங்கும் காகிதத்தில் மட்டும் கணக்குப் பாராதிருத்தல் முறையன்று. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், 1979-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. உழவர் விளைத்த கரும்பின் சக்கையும் வீணாகாத நாட்டில், அதிலிருந்து பிறந்த தாளை வெட்டி எறிவது தகுமா?

ஓர் உதாரணம் காண்போம். வேளச்சேரியில் சேலை விற்கும் ஒரு சங்கம், சேலைப் பெட்டியில் வைக்கும் விவரச் சீட்டுக்காக ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்குகிறது எனக் கொள்வோம். தாள் 23-க்கு 36 அங்குலம். சீட்டு, ஓரம் சீவும் இடம் உட்பட, 5-க்கு 7 அங்குலம். சீட்டின் 5 அங்குலப் பக்கம் தாளின் அகலத்தில் அமைய வெட்டினால் 20 சீட்டுகள் கிடைக்கும்; திருப்பி வைத்தால் 21. தாளை நீளவாக்கில் 5, 5, 5, 7 அங்குல அகலமுள்ள நான்கு பட்டைகளாக்கி, முதல் மூன்றிலும் ஐந்தைந்தும் கடைசியில் ஏழும் வெட்டினால் 22. 500 தாளுக்கு முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் உள்ள வேறுபாடு 1,000 சீட்டுகள்! இந்த நஷ்டம் அங்கத்தினர் தலையிலன்றோ விழுகிறது?

இதனைக் காணப் பெரிய கணிதம் வேண்டுவதில்லை. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸ் மென்பொருளின் விரிதாளில் கட்டங்களைச் சதுரமாக்கி, ஒரு கட்டம் ஓர் அங்குலம் என வைத்து வண்ணமிட்டால் போதும். கட்டத்தாளில் பூவேலை வரையும் நெசவாளருக்கு இது புதிதன்று. ரஷ்ய அறிஞர் கந்தரோவிச் 1939-லும், அமெரிக்காவில் கில்மோர், கோமரி என்னும் இருவர் 1961-லும், பொருள் வீணாகாமல் வெட்டும் வழியைக் கணிதமாக்கினர். பெரிய ஆலைகளுக்கு அது வேண்டும். நமக்குக் கட்டமே போதும்.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. துணிக்குப் பாவுபோலக் காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. அதற்குக் குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடிக்கும். ஆகவே மடிக்காத சீட்டுக்கு 22 கிடைக்கும் முறை நன்று. மடிக்கும் அழைப்பிதழுக்கு எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, அச்சு இயந்திரம் தாளைப் பற்றும் விளிம்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என அச்சகத்தாரைக் கேட்டு, அதை முதலிலேயே கழித்துவிட வேண்டும்.

அனுபவமிக்க வெட்டுநர் கண்ணாலேயே கணக்கிடுவார் என்பர் சிலர். உண்மையே. ஆயினும் அவர் மனத்திலுள்ள கணக்கு சங்கத்தின் ஏட்டில் ஏறுவதில்லை. வரைபடம் இருந்தால், இத்தனை தாளுக்கு இத்தனை சீட்டு வரவேண்டும் என்பதை எந்த அங்கத்தினரும் சரிபார்க்கலாம். அது வெட்டுநரை ஐயுறுவதாகாது. அவர் திறமைக்குச் சான்றாகும்.

ஆகவே, வெட்டு வரைபடம் இணைக்கப்படாத எந்தக் காகிதக் கொள்முதலுக்கும் நிர்வாகக் குழு ஒப்புதல் அளிக்கலாகாது என்று ஒவ்வொரு சங்கத்தின் பொதுச்சபையும் தீர்மானிக்க வேண்டும். வரைய ஒரு மணி நேரம் போதும். வீட்டில் கணினி பழகிய பிள்ளைகளும் துணைபுரிவர். சிக்கனம் என்பது செலவைக் குறைப்பது மட்டுமன்று. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டுவதுமாகும்.