கோட் திறந்திருக்கு, சரி. ஓடுறது எது?

"லினக்ஸ் திறந்த மூலம். ஒளிவுமறைவு இல்லை. சந்தேகமெண்டால் கோடை எடுத்து வாசி." இப்படிச் சொல்லுற நண்பர்கள் எங்களுக்குள்ள நிறையப் பேர். நான் கலைப்பீடம், பிரதி வாசிக்கிறதுதான் எங்கட வேலை. அதால கேக்கிறன்: நீங்கள் வாசிக்கச் சொல்லுற பிரதியும் கணினியில ஓடுற பிரதியும் ஒண்டுதானா?

இல்லை. லினக்ஸ் கேர்னலில் 'எஃப்ட்ரேஸ்' என்றொரு வசதி இருக்கிறது. எந்த ஃபங்ஷன் எப்போது அழைக்கப்படுகிறது என்பதை ஓடும்போதே காட்டும். அதற்காக ஜிசிசி கொம்பைலருக்கு '-பிஜி' என்ற ஒப்ஷனைக் கொடுப்பார்கள். உடனே கொம்பைலர், விலக்கி வைத்த சிலதைத் தவிர, ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் யாரும் எழுதாத ஒரு அழைப்பைச் செருகிவிடும். பிறகு கணினி தொடங்கும்போது கேர்னல் தன்ர உடம்பையே திருத்தி, அந்த அழைப்புகளை ஒண்டும் செய்யாத கட்டளைகளாக மாத்தும். பின்தொடரச் சொன்னால் திரும்ப அழைப்பாக்கும். அந்தந்த ஃபங்ஷனின் மூலநிரலில் இதுக்கு ஒரு வரி கூட இல்லை.

"அது பொறியியல்காரர் பாடு" எண்டு தட்டிக்கழிக்காதேங்கோ. 2008 இல், 2.6.27 கேர்னலின் பரீட்சார்த்தப் பதிப்புகளை ஓடவிட்டவர்களின் இன்டெல் நெட்வேர்க் அட்டைகள் பழுதாகின. அணைத்துப் போட்டும் சரிவரவில்லை, அட்டையின் நிலைநினைவகமே கெட்டிருந்தது. முதல் சந்தேகம் ஈ1000ஈ டிரைவர்மேல். குற்றவாளி எஃப்ட்ரேஸ். அந்தக் காலத்தில் அது திருத்தவேண்டிய முகவரிகளை ஓடும்போதே குறித்துவைத்து, கொஞ்சம் கழித்துத் திருத்தும். அந்த இடைவெளியில் அதே முகவரி விடுபட்டு, அட்டையின் நினைவகத்துக்குக் கொடுபட்டிருந்தது. எஃப்ட்ரேஸ் அங்க போய், பழைய கட்டளை இன்னும் இருக்கோ எண்டு ஒப்பிட்டுப் பார்த்தது. ஒப்பிடப் பாவித்த கட்டளையோ, பொருந்தாவிட்டாலும் இருந்ததையே திரும்ப எழுதிவைக்கும். சாதாரண நினைவகத்தில் அதால ஒண்டும் நடக்காது. இங்க அட்டை போச்சு. 2.6.27.1 இல் அந்த ஒப்ஷனை முடக்கினார்கள். பின்னர் முகவரிகளைக் கேர்னலைக் கட்டும் நேரத்திலேயே சேகரிக்கும்படி மாற்றினார்கள். டிரைவரின் கோடை எத்தனை தரம் வாசிச்சாலும் இது பிடிபட்டிருக்காது.

எஃப்ட்ரேஸை மூடச் சொல்லேல்லை, நேரெதிர். கேர்னல் உண்மையில என்ன செய்யுது எண்டு அதுவே வாய் திறந்து சொல்லுறது இந்த வசதியிலதான். திறந்த மூலம் பற்றிப் பேசுறவை 'வாசி' என்பதோட நிக்காமல், 'ஓடவிட்டுப் பார்க்க விடு' எண்டும் கேக்கவேணும். உங்கட அண்ட்ரொயிட் போனில ஓடுறதும் லினக்ஸ் கேர்னல்தான். அதைப் பின்தொடர ரூட் அதிகாரம் வேணும். காசு குடுத்து வாங்கின போனில அந்த அதிகாரத்தைப் பெரும்பாலும் உங்களுக்குத் தாறேல்லை.