வாசலில் நின்ற பெண்கள்



இம்முறை உங்களைக் கொஞ்சம் தூரத்துக்குக் கூட்டிச் செல்லப் போகிறேன். 2024 புரட்டாதி மாதத்தில் சமூகப் பணியாளர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காக ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்றிருந்தேன். பயிற்சி முடிந்தபின் மூன்று நாட்கள் மிஞ்சின. என்னோடு பயின்ற இரு தோழியருடன் சேர்ந்து மூன்று நகரங்களைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவர் வங்காளதேசத்தவர். மற்றவர் பொஸ்னியாவின் சரயேவோவில் பிறந்தவர். அந்நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் அவர் சிறு பிள்ளை.

புறப்படுவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவில் எமது சேமிப்புக் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் 2009இல் காணாமற்போனவர். இரண்டு பிள்ளைகள். நுண்கடன் தவணை அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், பின்வேலியால் அடுத்த வளவுக்குள் போய்விடுவார். நான் வெளிநாடு போகப்போவதாகச் சொன்னதும் மற்றவர்கள் சொக்லட் கேட்டார்கள். இந்த அக்கா மட்டும், "தங்கச்சி, வடிவான இடங்களை மட்டும் பாத்திட்டு வராதேங்கோ. அங்கயும் சண்டை நடந்ததுதானே. அந்த நேரம் பொம்பிளையள் எப்பிடிச் சீவிச்சவை எண்டு கேட்டு வாங்கோ" என்றார். அந்தக் கேள்வியும் என் பயணப் பையில் வந்தது.

முதல் நாள் கிளாஸ்கோ. அங்கே 1896இல் திறந்த சுரங்க ரயில் இன்றும் ஓடுகிறது. வட்டப் பாதை, பதினைந்தே தரிப்பிடங்கள். எங்கே ஏறினாலும் சுற்றி வந்து அதே இடத்தில் இறங்கலாம் என்பதால் வழி தவறும் பயம் இருக்கவில்லை. கெல்வின்குரோவ் நூதனசாலைக்கு நுழைவுச்சீட்டு இல்லை. மண்டபம் நிறைய ஒலிக்கும் பெரிய ஓர்கன் இசையைக் கேட்டபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

அங்கிருந்து கொவன் என்ற பகுதிக்குப் போனோம். முன்பு கப்பல் கட்டும் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு வெண்கலச் சிலை. தொப்பியணிந்த ஒரு பெண் முன்னே நடக்க, பின்னால் மக்கள் வரிசையாக வருகிறார்கள். அவர் பெயர் மேரி பார்பர். 2018ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று அந்தச் சிலையைத் திறந்து வைத்தார்கள்.

1914இல் முதலாம் உலக யுத்தம் தொடங்கியதும் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். ஆயுதத் தொழிற்சாலைகளிலும் கப்பற்பட்டறைகளிலும் வேலை செய்யப் பல்லாயிரம் பேர் நகருக்குள் வந்தார்கள். வீடுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஆண்கள் இல்லாத வீட்டில் எதிர்க்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்து வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகையைக் கூட்டினார்கள். கட்ட முடியாதவர்களை வெளியேற்றப் பிஸ்கால் அலுவலர்கள் வந்தார்கள்.

மேரி பார்பரும் அயற்பெண்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பழைய வாடகையைக் கட்டுவோம், கூட்டிய பணத்தைக் கட்ட மாட்டோம். பிஸ்கால் வருவதைக் கண்டதும் ஒருத்தி மணியடிப்பாள். சமையலறைகளிலிருந்து பெண்கள் ஓடிவந்து வாசலையும் படிக்கட்டையும் அடைத்து நிற்பார்கள். வந்தவர் மீது கோதுமை மாப் பொட்டலங்கள் விழுவதும் உண்டு. 1915 கார்த்திகை அளவில் ஏறத்தாழ இருபதாயிரம் குடியிருப்பாளர்கள் இந்த மறுப்பில் சேர்ந்துவிட்டார்கள். அந்த மாதம் 17ஆம் திகதி, வாடகைப் பாக்கிக்காகப் பதினெட்டுப் பேரை நீதிமன்றத்துக்கு அழைத்தபோது, தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வேலையை விட்டுப் பெண்களோடு வந்து நின்றார்கள். வழக்குக் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், வாடகையை யுத்தத்துக்கு முன்பிருந்த அளவில் நிறுத்தும் சட்டம் வந்தது. 1920இல் மேரி பார்பர் அதே நகரசபைக்கு உறுப்பினராகத் தெரிவானார்.

சிலைக்கருகில் ஒரு பேக்கரியில் பகல் உணவு. அங்குள்ள சொசேஜ் உருண்டையாக இல்லாமல் சதுரத் துண்டாக இருக்கும். அதைப் பணிசுக்குள் வைத்துத் தருகிறார்கள். வங்காளத் தோழி ஹலால் உணவு மட்டும் உண்பவர். உருளைக்கிழங்கை மாவோடு பிசைந்து கல்லில் சுட்ட மெல்லிய ரொட்டியை வாங்கிக்கொண்டார். ஆளுக்கொரு துண்டு பறித்துச் சாப்பிட்டோம். எங்கள் ரொட்டிக்கு அக்காவோ தங்கையோ என்று சொல்லலாம். சம்பல்தான் இல்லை.

இரண்டாம் நாள் புகையிரதத்தில் டண்டீ நகரம். கேக், மாமலேட் என்று அந்நகரின் இனிப்புகள் பெயர் பெற்றவை. மேலே வாதுமைப் பருப்பு அடுக்கிய பழக் கேக்கை மூவரும் பங்கிட்டோம். பிறகு, சணல் ஆலையாக இருந்து இப்போது நூதனசாலையாக உள்ள வெர்டன்ட் வேர்க்ஸுக்குப் போனோம். உலகத்துக்குச் சாக்குத் தைத்துக் கொடுத்த நகரம் அது. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலைத் திமிங்கில எண்ணெய் தடவி மென்மையாக்கி நூற்றார்கள்.

ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்கள் திறமைசாலிகள் என்பதால் மட்டுமல்ல, ஆண்களை விடக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதாலும் சேர்த்துக்கொண்டார்கள். பெடியன்கள் வளர்ந்து ஆணுக்குரிய கூலி கேட்கும் வயது வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதனால் மனைவி உழைக்க, கணவன் வீட்டில் கேத்தில் கொதிக்க வைத்துப் பிள்ளைகளைப் பார்த்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்த ஆண்களுக்குக் கேத்திலை வைத்தே ஒரு பட்டப்பெயரும் இருந்தது. பெண் குடும்பத்தைத் தாங்குவது ஏதோ எங்கள் தலைவிதி என்று நினைக்கிறோமே, அங்கே ஒரு நகரமே அப்படி வாழ்ந்திருக்கிறது.

பழைய இயந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். காது அடைத்துவிட்டது. இந்தச் சத்தத்துக்குள் பெண்கள் உதட்டசைவையும் கைச்சைகையையும் வைத்தே ஒருவரோடொருவர் பேசினார்களாம். வங்காளத் தோழி சணல் கட்டைத் தடவிப் பார்த்தபடி நின்றார். "எங்கட அம்மம்மா இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டு இதை உரிச்சவ. எங்க போகுதெண்டு அவவுக்குத் தெரியாது" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது. அங்கே உரித்தவளும் இங்கே நூற்றவளும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

இன்னொரு செய்தி. மாதவிடாய்த் துவாய்கள் தேவையான எவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2020இல் ஸ்கொட்லாந்தில் சட்டம் நிறைவேறியது. 2022 ஆவணியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. உலகில் இப்படிச் சட்டம் செய்த முதல் நாடு அது. முகாமில் பழந்துணிக்கு அலைந்த நாட்கள் எங்களில் பலருக்கு நினைவிருக்கும். கேட்க வெட்கப்பட்ட ஒன்று அங்கே சட்டமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் எடின்பரோ. போகும் வழியில் புகையிரதம் இரண்டு நீண்ட பாலங்களைக் கடக்கிறது. டே ஆற்றின் மேல் இருந்த முதற்பாலம் 1879இல் புயலில் இடிந்து, ஓடிக்கொண்டிருந்த புகையிரதத்தோடு விழுந்தது. அதன் கற்றூண்களின் அடிப்பாகங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் வரிசையாகத் தெரிகின்றன. பக்கத்திலேயே புதுப்பாலம் கட்டி 1887இலிருந்து ஓடுகிறார்கள்.

எடின்பரோக் கோட்டை கரும்பாறையின் உச்சியில் நிற்கிறது. உள்ளே போகும் கட்டணம் எங்கள் கைக்கு எட்டவில்லை. கீழேயுள்ள பூங்காவில் பாணும் சீஸும் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று 'டமார்' என்று ஒரு வெடி. நான் குனிந்து தலையைப் பொத்திவிட்டேன். பொஸ்னியத் தோழி வாங்கிலின் பின்னால் இருந்தார். அடுத்த வாங்கிலிலிருந்த முதியவர் தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தார். 1861 முதல், ஞாயிறு தவிர்ந்த நாட்களில், ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து வெடிக்கும் பீரங்கி அது. முன்பு கப்பல்கள் நேரம் அறிவதற்காக வைத்தார்களாம்.

என் கை நடுங்கியது. வெட்கமாகவும் இருந்தது. பொஸ்னியத் தோழி எழுந்து உடையைத் தட்டிவிட்டு, "உனக்கு எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்டார். "2009" என்றேன். "எனக்கு 1993" என்றார். வங்காளத் தோழி இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு ஏனென்று தெரியாமல் மூவரும் சிரித்தோம். சகோதரிகளே, சத்தத்துக்குத் திடுக்கிடுவது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. உடம்பு தன்னைக் காத்துப் பழகியிருக்கிறது. அதைப் புரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நடுக்கம் சீக்கிரம் அடங்கும்.

பின்னேரம் பழைய தெருவில் நடந்தோம். எல்ஸி இங்கிலிஸ் என்ற வைத்தியர் அந்தத் தெருவில் ஏழைப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தியவர். 1914இல் யுத்தகளத்தில் சேவை செய்யக் கேட்டபோது, வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கும்படி அதிகாரிகள் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை. பெண்களே நடத்திய ஆஸ்பத்திரிகளைப் பிரான்ஸுக்கும் சேர்பியாவுக்கும் கொண்டுபோனார். 1917இல், திரும்பி வந்த மறுநாள் இறந்தார்.

இரவு, புகையூட்டிய மீனும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பாலில் வேகவைத்த சூப் குடித்தோம். எங்கள் மீன் சொதியில் மிளகாயும் புளியும் இல்லாதது போல ஒரு சுவை. ஹகிஸையும் ருசித்தோம். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்து அவிப்பது. ஒன்றையும் எறியாத ஏழை வீட்டுச் சமையல் இன்று நாட்டின் பெருமையாகியிருக்கிறது. மரக்கறியில் செய்ததும் கிடைத்தது. வங்காளத் தோழி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

ஊர் திரும்பிக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். சொக்லட் முடிந்தபின்னும் அந்த அக்கா பேசாமல் இருந்தார். கடைசியில், "அந்த மணி ஆரிட்ட இருந்தது?" என்று கேட்டார். ஒவ்வொரு நாள் ஒவ்வொருத்தியிடம் இருந்திருக்கும் என்றேன்.

கடனைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொவன் பெண்களும் பழைய வாடகையை மறுக்கவில்லை. ஒளித்துக்கொள்வதைத்தான் விட்டார்கள். எங்கள் குழு இப்போது மூன்று விடயங்களைச் செய்கிறது. எல்லோருடைய கடன் புத்தகங்களையும் ஒன்றாக இருந்து பார்த்து, முதல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்று எழுதுகிறோம். தவணை நாளில் இரண்டு பெண்கள் அந்த வீட்டு வாசலில் கூட இருக்கிறார்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுப்பதில்லை. மிரட்டினால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் எழுத்தில் கொடுப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம்.

சென்ற மாதம் மோட்டார் சைக்கிள் வந்தது. அக்கா பின்வேலிக்குப் போகவில்லை. கதிரையை முற்றத்தில் போட்டு, "இருங்கோ தம்பி, புத்தகத்தைப் பாப்பம்" என்றார். கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று வீட்டுக்காரி வீட்டில் இருந்தார்.

உங்கள் ஊர் வாசலில் யார் யாரோடு நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.